மார்ஷ்மெல்லோ முன்னால் பதினைந்து நிமிடம்

மேசையில் ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய். எதிரே நான்கைந்து வயதுக் குழந்தை. "நான் வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இன்னொன்றும் தருவேன்" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் வெளியே போய்விடுவார். உளவியலாளர் வால்டர் மிஷெல் புகழ்பெறச் செய்த சோதனை இது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இதை நடத்திய யானவோகா, முனகாத்தா குழுவினர் 2022-ல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

ஜப்பானியக் குழந்தைகளில் பாதிப் பேராவது முழு 15 நிமிடமும் காத்திருந்தார்கள். அமெரிக்கக் குழந்தைகளில் பாதிப் பேர் நான்கு நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஜப்பானியர் பிறவியிலேயே பொறுமைசாலிகள் என்று சொல்லத் தோன்றுகிறதா? மிட்டாய்க்குப் பதில் பரிசுப் பொட்டலத்தை வைத்தபோது கதை அப்படியே தலைகீழானது. அமெரிக்கக் குழந்தைகள் காத்திருந்தார்கள். ஜப்பானியக் குழந்தைகளில் பாதிப் பேர் ஐந்து நிமிடத்துக்குள் பிரித்துவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. பொறுமை ரத்தத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது என்று இவ்வளவு தெளிவாகக் காட்டிய சோதனைகள் குறைவு. அமெரிக்க வீடுகளில் கிறிஸ்துமஸ் மரத்தடியில் பொட்டலங்கள் நாள்கணக்கில் பிரிக்கப்படாமல் கிடக்கும். ஜப்பானில் காத்திருப்பு சோற்றோடு சேர்ந்தது.

தொடக்கப்பள்ளி மதிய உணவைப் பாருங்கள். அந்த வாரத்து முறைக்காரப் பிள்ளைகள் வெள்ளை மேலங்கி, தொப்பி, முகக்கவசம் அணிந்து சூப்பையும் சோற்றையும் வகுப்புக்குக் கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். முதலில் தட்டு கிடைத்தவன் ஆவி பறக்கும் சூப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். கடைசித் தட்டும் வந்தபின், எல்லோரும் கைகூப்பி "இத்தடாகிமாஸ்", அதாவது பணிவோடு பெற்றுக்கொள்கிறேன், என்று ஒரே குரலில் சொன்ன பிறகுதான் சாப்பாடு. மழலையர் பள்ளியிலிருந்தே இப்படித்தான். தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளில் மட்டும் ஆயிரம் தடவைக்கு மேல் இது நடக்கிறது. ஒரே சூழலில் ஒரே செயல் இப்படித் திரும்பத் திரும்ப நடந்தால் மூளை இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும். அப்புறம் தட்டைப் பார்த்ததுமே கை தானாக நிற்கும். ஆசையோடு மல்லுக்கட்டும் வேலை பெரிதும் குறைந்துவிடும்.

வகுப்பறையைப் பிள்ளைகளே கூட்டித் துடைப்பதும் இதே வழியில்தான். இன்னொன்றும் உண்டு: மழலையர் பள்ளியில் இரண்டு குழந்தைகள் பொம்மைக்காகச் சண்டையிட்டால், ஆபத்தில்லாதவரை ஆசிரியை உடனே குறுக்கிடாமல் பார்த்துக்கொண்டிருப்பார். இதை 'மிமாமொரு', அதாவது கண்காணித்துக் காத்தல், என்பார்கள். சமாதானமாவதையும் பிள்ளைகள் பழகித்தானே ஆகவேண்டும்!

இதற்கு விலையும் உண்டு. எல்லோரோடும் ஒத்துப்போக முடியாத குழந்தைக்கு அந்த வகுப்பறை மூச்சுமுட்டும் இடமாகிவிடும். அதை மறைத்துவிட்டு ஜப்பானைப் புகழ்வது நேர்மையல்ல.

பல பள்ளிகளில் வெள்ளிக்கிழமை முறை முடிந்த பிள்ளை அந்த மேலங்கியை வீட்டுக்கு எடுத்துப்போகிறது. துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து எடுத்துவந்தால், திங்கட்கிழமை அதை வேறொரு பிள்ளை மாட்டிக்கொண்டு பரிமாறும்.