குளத்து நீச்சல் மலைத்தண்ணீருக்குப் போதாது

திருநெல்வேலிச் சீமையில் பெரும்பாலானவர்கள் நீச்சல் பழகுவது கிணற்றிலும் குளத்திலும் வாய்க்காலிலும்தான். பத்து வயதில் கமலைக் கிணற்றுக்குள் குதித்தவருக்கு முப்பது வயதில் மணிமுத்தாறு அருவியைப் பார்த்தால் பயம் வராது. ஆற்றில் மீட்புப் பயிற்சி தரும் எங்களுக்கு, நீச்சலே தெரியாமல் கரையில் ஒதுங்கி நிற்பவரைவிட இவரைப் பற்றித்தான் கவலை அதிகம்.

கிணற்றுத் தண்ணீர் நிற்கும், ஆளைத் தாங்கும். அருவி விழுகிற இடத்தில் வெள்ளையாகப் பொங்குவதில் பாதி காற்று. காற்று கலந்த நீருக்கு அடர்த்தி குறைவு என்பதால் அதில் உடல் மிதக்காது. கையை வீசினாலும் பிடிமானம் கிடைக்காது. போதாக்குறைக்கு, மேலிருந்து விழும் நீர் அடிக்குப் போய்த் திரும்பி மேலே வந்து, மறுபடி அருவியை நோக்கியே ஆளை இழுக்கும். அருவிக்கு நேர் கீழே உள்ள கசத்தில் (ஆழமான நீர்க்குழியில்) நன்றாக நீந்துகிறவர்களும் மாட்டிக்கொள்வது இதனால்தான். கம்பி வேலியும் சங்கிலியும் போட்டிருக்கும் இடத்துக்கு அப்பால் இருப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட கசம்தான்.

அணை நீர் வேறு மாதிரி. காரையாறும் (பாபநாசம் அணை) சேர்வலாறும் மணிமுத்தாறும் பார்க்க ஏரி போல அசையாமல் கிடக்கும். ஆனால் அவை குளம் அல்ல, நீரில் மூழ்கிய மலைப்பள்ளத்தாக்குகள். குளத்துக்கரையில் பத்தடி நடந்தால் இடுப்பளவு ஆழம் வரும் என்று ஒரு கணக்கு உண்டு. இங்கே இரண்டாவது அடியில் முழங்கால், மூன்றாவது அடியில் ஆளை முழுங்கும் ஆழம். கோடையில் நீர் இறங்கியதும் கரை காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும். மேலே ஓடு, அடியில் சகதி. படம் எடுக்க ஓரத்துக்குப் போகிறவரின் கால் முழங்கால் வரை இறங்கினால், உருவ உருவ இன்னும் இறங்கும். அப்போது நின்றபடி இழுக்காமல் பின்பக்கமாக உட்கார்ந்து, உடல் எடையைப் பரப்பி, ஒவ்வொரு காலாக மெல்ல ஆட்டி எடுக்க வேண்டும். அணைக்குள் இறங்கிக் குளிக்க அனுமதி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்; பலகை இருந்தும் அதன் மேலேயே துண்டைக் காயப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மலையாற்றில் பார்க்க வேண்டியது முன்னால் ஓடும் தண்ணீரை அல்ல, மேற்கே தெரியும் மலையை. பாபநாசத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே மாஞ்சோலை மலையின் ஊத்து, நாலுமுக்கு எஸ்டேட்டுகளில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். அந்த நீர் பாறைச் சரிவில் இறங்கி வரச் சற்று நேரம் பிடிக்கும். நமக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். தெளிந்த நீர் செம்மண் நிறத்துக்கு மாறுவது, சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது, இரைச்சல் கனப்பது, சற்றுமுன் வெளியே தெரிந்த பாறை மறைவது ஆகிய நான்கில் ஒன்றைக் கண்டாலும் செருப்பைக்கூடத் தேடாமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். எதிர்க்கரைக்குப் போனவர்கள் திரும்பிக் கடக்கப் பார்க்கக்கூடாது; அங்கேயே உயரத்தில் இருப்பதுதான் பாதுகாப்பு. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் ஆழத்தில் ஆள் சாய்வது இந்தக் கணக்கினால்தான்.

அடித்துச் செல்லப்பட்டால் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். பாறை இடுக்கில் கால் சிக்கினால் பின்னால் வரும் நீர் உடலை மடக்கி அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களை நீர் போகும் திசையில் நீட்டி, பாறை வந்தால் காலால் தள்ளி, சாய்வாகக் கரையை நோக்கிக் கையை வீச வேண்டும்.

புறப்படும் முன் நாளிதழில் அணை நிலவரத்தைப் பாருங்கள். பாபநாசம் அணையின் முழுக்கொள்ளளவு மட்டம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. நீர்மட்டத்தைவிட நீர்வரத்து முக்கியம். விநாடிக்கு ஒரு கனஅடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர். வரத்து 1,000 கனஅடி என்றால் ஒவ்வொரு விநாடியும் 28,000 லிட்டர் இறங்குகிறது. முந்தைய நாளைவிட வரத்து திடீரெனக் கூடியிருந்தாலோ, அணை நிறையும் தறுவாயில் இருந்தாலோ பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. அருவியில் குளிக்கத் தடை என்றதும் கீழே இறங்கி, ஆள் நடமாட்டம் இல்லாத ஓடைத்திருப்பம் தேடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அங்கே ஓடுவதும் அதே தண்ணீர்தான்.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூடும் கூட்டத்துக்கும் இது பொருந்தும். அது தென்மேற்குப் பருவமழைக் காலம். குழந்தைகளைக் கை எட்டும் தூரத்தில் வைத்திருங்கள். ‘பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்’ என்பது உதவாது, மூழ்கும் குழந்தை கத்துவதில்லை. பாபநாசம் படித்துறையில் பரிகாரமென்று விட்ட துணிகள் அடியில் கிடந்து காலைச் சுற்றும். சேலையோ பாவாடையோ கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்க வேண்டாம். குடித்தவர் தண்ணீர்ப் பக்கமே வர வேண்டாம்.

ஒருவர் மூழ்கும்போது இன்னொருவர் குதிப்பதுதான் ஒரு சாவை இரண்டாக்குகிறது. தவிக்கிறவர் கையில் கிடைத்ததை அமுக்கித்தான் மேலே வரப் பார்ப்பார். அது நம் தலையாக இருக்கக்கூடாது. காரில் மூடியுள்ள 5 லிட்டர் கேன் ஒன்றும் 15 மீட்டர் கயிறும் வைத்துக்கொள்ளுங்கள். நைலான் கயிறு மூழ்கும். மிதக்கிற பிளாஸ்டிக் கயிறாகப் பார்த்து வாங்குங்கள். கேனில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு மூடினால்தான் வீசும்போது காற்றில் திசைமாறாமல் போகும். கயிறு கட்டிய கேனை ஆளுக்கு அப்பால் எறிந்து அவர் பக்கமாக இழுக்க வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் சேலை இருக்கிறது, ஐந்தரை மீட்டர். கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, உங்கள் காலை இன்னொருவர் பிடித்திருக்க, அதை வீசுங்கள்.

வெளியே எடுத்ததும் வயிற்றை அமுக்குவதும், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் இன்னும் நடக்கிறது. அதனால் வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போகும், நேரமும் வீணாகும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவே 5 முதல் 6 செ.மீ. ஆழம் இறங்குமாறு 30 முறை அழுத்தி, 2 முறை ஊத வேண்டும். அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. வாயில் நுரை வந்தால் துடைத்துக்கொண்டு நிற்காதீர்கள். வாந்தி வந்தால் மட்டும் பக்கவாட்டில் திருப்பி வழித்துவிட்டுத் தொடருங்கள். 108க்கு அழைக்க மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. ஒருவர் பைக்கில் வனத்துறை செக்போஸ்டுக்குப் போகட்டும்; அவர்களிடம் வாக்கிடாக்கி உண்டு. எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆளை வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள். உள்ளே போன நீரால் சில மணி நேரம் கழித்து இருமலும் மூச்சுத்திணறலும் வரலாம். அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனையில் காட்டி, மருத்துவர் போகலாம் என்று சொல்லும்வரை அங்கேயே இருக்கட்டும்.