மூன்றாவது கோப்பை ஏன் அதிகம் துவர்க்கிறது?

குன்னூர், நுவரெலியா, டார்ஜிலிங் ஆகிய மூன்று ஊர்களின் இலைத் தேயிலையை வாங்கி, பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் அடுத்தடுத்து அருந்திப் பார்த்த வாசகர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். எந்த வரிசையில் வைத்தாலும் மூன்றாவதாக அருந்துவதே கடுமையாகத் துவர்க்கிறது என்றும், அப்படியானால் ஒரே காலையில் எத்தனையோ கிண்ணங்களைச் சுவைத்துத் தரம் பிரிக்கும் தேயிலைச் சுவைஞர்கள் எதைத்தான் கண்டறிகிறார்கள் என்றும் அவர் கேட்கிறார். அவர் கவனித்தது முற்றிலும் சரி. தேநீரின் வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு அந்தக் கவனிப்பு நேராக இட்டுச் செல்கிறது.

அடிப்படைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பச்சைத் தேயிலை, ஊலாங், கறுப்புத் தேயிலை அனைத்தும் கமேலியா சினென்சிஸ் என்னும் ஒரே செடியின் கொழுந்திலிருந்து கிடைப்பவை. கொழுந்தின் உலர் எடையில் ஏறக்குறையக் கால் பங்கு பாலிபீனால்கள் என்னும் தாவர வேதிப்பொருள்கள். அவற்றுள் பெரும்பகுதி கேட்டச்சின்கள். பறித்தவுடன் சூடேற்றி நொதியைச் செயலிழக்கச் செய்தால் கேட்டச்சின்கள் அப்படியே தங்கிப் பச்சைத் தேயிலை கிடைக்கும். வாட்டி, உருட்டி, செல்களை உடைத்துக் காற்றுப்படவிட்டால், நொதியின் துணையால் கேட்டச்சின்கள் ஒன்றோடொன்று இணைந்து, பொன்சிவப்பு நிறத் தியாஃபிளேவின்களாகவும் பழுப்பு நிறத் தியாரூபிஜின்களாகவும் மாறும். அதுவே கறுப்புத் தேயிலை. ஊலாங் இவ்விரண்டுக்கும் இடையில் நிறுத்தப்பட்டது.

இனித் துவர்ப்புக்கு வருவோம். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகியவற்றை அறிய நாக்கின் சுவை மொட்டுகளில் தனித்தனி ஏற்பிகள் உள்ளன. நம் மரபு அறுசுவையுள் ஒன்றாக வைத்த துவர்ப்போ, உடலியல் நோக்கில் பெரும்பாலும் தொடு உணர்வாகும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கடுமையாக வடித்து ஆறவைத்த தேநீரை விரல் நுனியில் தொட்டு, மேலுதட்டின் உட்புறத்துக்கும் ஈறுக்கும் நடுவே சிறிது நேரம் தேய்த்துப் பாருங்கள். அங்கே சுவை மொட்டுகள் இல்லை. ஆயினும் உதடு ஈறோடு உரசிச் சொரசொரப்பதை நன்றாக உணர்வீர்கள். அந்தச் செய்தியை மூளைக்குக் கொண்டு செல்வது முகத்தின் தொடு உணர்வைச் சுமக்கும் முப்பிரிவு நரம்பு.

அந்தச் சொரசொரப்பு எப்படி உண்டாகிறது என்பதில்தான் அழகு இருக்கிறது. காதருகே உள்ள பரோட்டிட் சுரப்பி தரும் உமிழ்நீரில், புரோலின் என்னும் அமினோ அமிலம் மிகுந்த புரதங்கள் நிறைந்துள்ளன. பொதுவாகப் புரதங்கள் சுருண்டு மடிந்து ஓர் உருண்டை வடிவம் கொள்ளும். புரோலின் அந்த மடிப்பைத் தடுப்பதால், இந்தப் புரதங்கள் விரிந்து நீண்ட இழைகளாகவே மிதக்கின்றன. கேட்டச்சின் மூலக்கூறுகளோ தட்டையான வளையங்களால் ஆனவை. அந்த வளையங்கள் புரோலினின் வளையங்கள் மீது ஒட்டிப் படிகின்றன. ஹைட்ரஜன் பிணைப்புகள் அந்த ஒட்டுதலை உறுதியாக்குகின்றன. ஒரே இழையைப் பல கேட்டச்சின்கள் பற்றிக்கொள்வதோடு நிற்பதில்லை. ஒரு கேட்டச்சின் இரண்டு இழைகளைச் சேர்த்தும் பிடிக்கிறது. இழைகள் பின்னித் திரண்டு, கரைந்திருக்க முடியாமல் வீழ்படிவாகின்றன. வாயின் உட்புறத்தைப் போர்த்தியிருந்த வழுக்கும் படலம், கதவுக் கீலிலிருந்து எண்ணெயைத் துடைத்தெடுத்தது போல, இடையிடையே அகன்றுபோகிறது. நாக்கும் அண்ணமும் ஒன்றையொன்று உரசத் தொடங்குகின்றன. துவர்ப்பு என்று நாம் உணர்வது இந்த உராய்வைத்தான்.

கேலேட் என்னும் கூடுதல் வளையத்தைத் தாங்கிய கேட்டச்சின்கள் இன்னும் வலுவாகப் பிடிக்கின்றன. பச்சைத் தேயிலையில் மிகுதியாக உள்ள எபிகேலோகேட்டச்சின் கேலேட் இந்த இனத்தைச் சேர்ந்தது. ஆயினும் வீழ்படிவு ஒன்றே முழுக் கதையன்று. கறுப்புத் தேநீரில் உள்ள, சர்க்கரை இணைந்த பாலிபீனால்களான பிளேவனால் கிளைக்கோசைடுகள், கேட்டச்சின்களைவிட மிக மிகக் குறைந்த அளவிலேயே, வெல்வெட்டுத் துணி பட்டது போன்ற மென்மையான துவர்ப்பைத் தருகின்றன. இதைப் புரதம் திரள்வதைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது.

இந்தப் புரதங்கள் உமிழ்நீரில் ஏன் இருக்க வேண்டும்? புரதங்களைப் பற்றும் பாலிபீனால்களான டானின்கள் மிகுந்த சோளத்தை எலிகளுக்கு உணவாகக் கொடுத்தபோது, சில நாட்களிலேயே அவற்றின் பரோட்டிட் சுரப்பிகள் பெருத்து, புரோலின் மிகுந்த புரதங்களைப் பல மடங்கு சுரக்கத் தொடங்கின. செடிகள் தம்மைக் காத்துக்கொள்ள உருவாக்கும் டானின்கள் குடலுக்குச் சென்று செரிமான நொதிகளைப் பிடிப்பதற்கு முன்பே, வாயிலேயே அவற்றைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு இது என்று கருதப்படுகிறது. செடிக்கும் அதைத் தின்னும் விலங்குக்கும் இடையே நெடுங்காலமாக நடந்துவரும் போராட்டத்தின் ஒரு சிறு துளி நம் தேநீர்க் கோப்பையில் இருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

வாசகரின் கேள்விக்கு விடை இப்போது எளிதாகக் கிடைத்துவிடும். அகன்றுபோன படலம் மீண்டும் உருவாகப் புதிய உமிழ்நீர் சுரக்க வேண்டும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் அடுத்த மிடறு வந்துவிட்டால், ஏற்கெனவே மெலிந்திருக்கும் படலத்திலிருந்து மேலும் புரதம் பறிபோகிறது. துவர்ப்பு மிடற்றுக்கு மிடறு கூடிக்கொண்டே போவதால், மூன்றாவதாக எந்தத் தேநீர் வந்தாலும் முதல் இரண்டின் சுமையையும் சேர்த்துத்தான் வாய் அளக்கிறது.

தேர்ந்த சுவைஞர்கள் ஒரு கரண்டி அளவை உரத்த ஓசையுடன் உறிஞ்சி, சில நொடிகளில் உமிழ்ந்துவிடுவது இதனால்தான் பொருளுடையதாகிறது. தேநீர் வாயில் தங்கும் நேரம் குறைகிறது. வேகமாக உறிஞ்சும்போது அது நுண்துளிகளாகச் சிதறி, மணப்பொருள்கள் தொண்டையின் பின்வழியாக மூக்கை எட்டுகின்றன. இலங்கையின் ஊவாப் பகுதியில், ஆண்டின் நடுப்பகுதியில் வறண்ட காற்று வீசும் பருவத்தில் பறித்த தேயிலையில் மெத்தில் சாலிசிலேட் மிகுந்திருக்கும். வலி நிவாரணத் தைலங்களில் நாம் முகரும் அதே பொருள் அது. டார்ஜிலிங்கின் இரண்டாம் பருவத் தேயிலையில் வரும் திராட்சை மணத்துக்கு, தத்துப்பூச்சிகள் கொழுந்தின் சாற்றை உறிஞ்சும்போது செடி எதிர்வினையாகச் சுரக்கும் மணப்பொருள்கள் ஒரு காரணம். இந்த வேறுபாடுகளை மூக்கு அறிகிறது. மூக்குக்குத் துவர்ப்பின் சுமை இல்லை. கிண்ணத்தில் வடிநீரின் நிறம், மூடியின் மேல் கவிழ்த்த நனைந்த இலையின் நிறம் ஆகியவற்றைக் கண்ணும் பார்த்துக்கொள்கிறது.

இங்கே பாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலிலுள்ள கேசீன் புரதமும் புரோலின் நிறைந்தது, இறுக மடியாதது. கோப்பையிலேயே அது கேட்டச்சின்களையும் தியாஃபிளேவின்களையும் பற்றிக்கொள்வதால், உமிழ்நீரின் புரதங்கள் தப்பிக்கின்றன. பால் ஊற்றியவுடன் தேநீர் வழவழப்பாகத் தோன்றுவதற்குக் கொழுப்பு மட்டும் காரணமன்று. நுட்பமான தேயிலைகளை ஒப்பிட விரும்புகிறவர் பாலை விலக்க வேண்டியதற்கும் இதுவே காரணம்.

ஒப்பீட்டுக்கென்றே பன்னாட்டுத் தர அமைப்பு 1980இல் ஐஎஸ்ஓ 3103 என்னும் தரநிலையை வெளியிட்டது. வெண் பீங்கான் பாத்திரத்தில் 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் இலை, ஆறு நிமிடம் ஊறல் என்று அது வரையறுக்கிறது. அவ்வாறு வடித்த தேநீர் பலருக்கு மிகக் கடுமையாக இருக்கும். ருசியான தேநீரைத் தருவது அதன் நோக்கமன்று, இரண்டு தேயிலைகளின் வேறுபாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒன்றாக்குவதே நோக்கம். ஆயினும் வீட்டில் ஒரு சிக்கல் உண்டு. ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் தண்ணீர் 94 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். சென்னையில் 100 டிகிரி. வெப்பம் கூடக் கூடக் கேட்டச்சின்கள் வேகமாகவும் மிகுதியாகவும் இறங்கும். சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் மிகுந்திருந்தால், தேநீரின் மேல் ஆடை போலொரு படலம் மிதக்கும், நிறமும் கறுத்துவிடும். மலையில் அருந்திய தேநீர் வீட்டில் வேறாக இருப்பதற்குக் கடைக்காரரைக் குறை சொல்வதற்கு முன், வடிகட்டிய மென்னீரைக் கொதிக்கவைத்து, ஒரு நிமிடம் பொறுத்து ஊற்றிப் பாருங்கள்.

நிறம் கறுத்தால் தரம் உயர்ந்தது என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது தவறான நம்பிக்கை என்பதோடு, தீங்கானதும்கூட. சாயம் கலப்பவர்களுக்கு வழி திறந்துவிடுவது அதுவே. வடிதாளில் தூளைப் பரப்பிச் சில துளி குளிர்ந்த நீரைத் தெளித்தவுடன் அடர்ந்த கறை பரவினால், அதில் சாயம் இருக்க வாய்ப்புண்டு. நீலகிரியின் சிறு விவசாயி தன் பசுந்தேயிலையை எடைக்கு விற்றுவிட்டு வருகிறார். அது கோப்பையில் எப்படிச் சுவைத்தது என்ற செய்தி அவருக்குத் திரும்பி வருவது அரிது. வால்பாறையிலும் அசாமின் ஜோர்ஹாட்டிலும் இலங்கையின் தலவாக்கலையிலும் தேயிலைக்கென்றே ஆய்வு நிலையங்கள் இருக்கின்றன. விளைச்சலையும் பூச்சியையும் ஆராய்வதற்கு நிகரான நிதி, சுவையை ஆராய்ந்து அதைச் சிறு விவசாயியிடம் கொண்டு சேர்ப்பதற்கும் ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகருக்கு ஒரு முறையைப் பரிந்துரைக்கிறேன். மூன்றையும் ஒன்றாக ஒப்பிடாமல், குணத்தில் நெருங்கிய குன்னூர், நுவரெலியாத் தேயிலைகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். வேறொருவர், நீங்கள் பார்க்காதபடி, இரண்டு கிண்ணங்களில் ஒன்றையும் மூன்றாவதில் மற்றதையும் ஊற்றட்டும். ஒவ்வொரு சுற்றிலும் வரிசையை அவர் மாற்றட்டும். ஒரு கரண்டி உறிஞ்சி உமிழ்ந்து, வாயைக் கொப்பளித்து, சில நிமிடங்கள் கழித்தே அடுத்ததற்குச் செல்லுங்கள். வேறுபட்ட கிண்ணம் எது என்று மட்டும் சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் ஒரு முறை சரியாக அமையும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. ஐந்து முறையும் தொடர்ந்து சரியாக அமையும் வாய்ப்பு 243இல் ஒன்று. ஐந்தும் சரியாக வந்தால், அவ்விரு தேயிலைகளின் வேறுபாட்டை நீங்கள் உண்மையாகவே உணர்கிறீர்கள் என்று நம்பலாம். அதன் பிறகு டார்ஜிலிங்கை எடுத்துக்கொள்ளுங்கள்.