பலகைக்கு நல்லெண்ணெய் தேய்க்காதீர்கள்

தீபாவளி முடிந்து சில வாரங்களில் வாட்ஸ்அப்பில் என்ன படம் வரும் என்று எனக்கு மனப்பாடம். கோலம் செதுக்கிய பலகை, கோலக்கோடு முழுக்கக் கறுப்பாகப் பூசணம். கூடவே ஒரு வரி: "அண்ணே, மெஷின்ல செஞ்சதுதானே, எப்படி இப்படி ஆச்சு?" இந்த முறை இது ஐந்தாவது. பொறுமை போய்விட்டது.

சிங்கப்பூர் சுங்கை காடுட்டில் சிஎன்சி ரவுட்டர் (கணினி ஓட்டும் செதுக்கு மெஷின்) வைத்து மரவேலை செய்கிறேன். கணினியில் வரைந்த கோட்டின் மேல் மெஷின் பிட்டை, அதாவது வெட்டும் முனையை, ஓட்டும், அவ்வளவுதான். மரத்தின் குணத்தை அது மாற்றாது.

ஐந்தாவது பலகையின் கதை இது. முறுக்கும் அதிரசமும் வைக்கத் தந்த பலகையில் கோழி வெட்டியிருக்கிறார்கள். இரவு முழுக்க சிங்கில் ஊறப்போட்டு, மறுநாள் நல்லெண்ணெய் தேய்த்து அலமாரிக்குள் வைத்துவிட்டார்கள். கையில் வாங்கியதுமே காறல் வாடை.

"அம்மா சப்பாத்திக் கட்டைக்கு நல்லெண்ணெய்தானே தேய்ப்பாங்க?" என்றார் அந்த அக்கா. தினமும் புழங்கித் துடைக்கிற கட்டைக்கு அது எப்படியோ ஓடிவிடும். வருடத்துக்கு நாலு முறை எடுக்கிற பலகைக்கு ஓடாது. சமையல் எண்ணெய் மரத்துக்குள் இறங்கி, காற்றுப் பட்டுப் பட்டுக் காறிப்போகும், பிசுபிசுக்கும். நல்லெண்ணெய் சூரியகாந்தியைவிடக் கொஞ்சம் தாங்கும், தேங்காய் எண்ணெய் இன்னும் மெதுவாகக் கெடும், அதெல்லாம் சரி. ஆனால் இவற்றில் எதுவும் காய்ந்து கெட்டியான படலம் ஆகாது. 'இயற்கையானது' என்பதால் கெடாது என்று யார் சொன்னது? பாலும் இயற்கைதான். பலகைக்கு வேண்டியது உணவுக்கு ஏற்றது என்று அச்சிட்ட மினரல் ஆயில், அது காறாது. மேலே கொஞ்சம் தேன்மெழுகு. இரண்டு முகத்துக்கும் ஓரங்களுக்கும் தடவுங்கள். ஒரு முகத்துக்கு மட்டும் தடவினால் ஈரம் ஒரு பக்கமாக ஏறி இறங்கிப் பலகை வளையும். நம் ஊரில் விடியற்காலைக் காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். பகலில் ஏர்கான் அறை அதே மரத்தை உலர்த்தும்.

என் தப்பும் உண்டு. ஆரம்பத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் வி வடிவ முனையுள்ள வி-பிட் வைத்து நடுப்பலகையில் ஆழமாகச் செதுக்கிக் கொடுத்தேன். படத்தில் அழகாக இருக்கும். அந்தப் பள்ளத்தின் அடி ஊசிமுனை மாதிரிக் குறுகலானது, பல் துலக்கும் பிரஷ்கூடப் போகாது. இப்போது பெயரும் கோலமும் ஓரத்தில் அல்லது பின்பக்கத்தில்தான். சாறு வடியும் பள்ளம் வேண்டுமென்றால் உருண்டை முனை பிட், துணி விட்டுத் துடைக்கலாம்.

எச்டிபி அடுக்குமாடி வீட்டு அறையில் சின்ன மெஷின் வாங்கி வைத்திருக்கும் தம்பிமார்களே, இலவசமாகக் கிடைக்கிற பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) மரத்தில் 'எம்பி' (MB) முத்திரை இருந்தால் அது பூச்சியைக் கொல்ல மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, அதில் சாப்பாட்டுத் தட்டு செய்யாதீர்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை எப்போதோ வகைப்படுத்திவிட்டது. மாஸ்க் போடுங்கள், குழந்தை தூங்கும் அறையில் ஓட்டாதீர்கள். மரத்துக்குப் பூசும் லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவிடுங்கள்.

வாங்கியவர்களுக்கு: கழுவிய உடனே துடைத்துச் செங்குத்தாக நிறுத்துங்கள், டிஷ்வாஷர் கூடவே கூடாது. கோழிக்குத் தனிப் பலகை வாங்கிக்கொள்ளுங்கள், ப்ளீஸ்.

அந்த அக்காவின் பலகையில் கோலத்தைக் காப்பாற்ற முடியவில்லை. பின்பக்கத்தை இரண்டு மில்லிமீட்டர் சீவி, தேய்த்து, மினரல் ஆயில் போட்டுக் கொடுத்தேன். முறுக்கு இனி அந்தப் பக்கம், கோலம் அடியில்.