மூடி உள்வாங்கினால் போதுமா?

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் இங்கே மூணாறில் மைனி ஆள் விட்டுக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் சமையல்மேடையில் வரிசையாக ஆறு கண்ணாடி பாட்டில். ஒவ்வொன்றிலும் முக்கால் உயரத்துக்கு ஏத்தம்பழ (நேந்திரம்பழ) கேக். நான் நிற்கும்போதே ஒரு மூடி "டக்" என்று உள்ளே குழிந்தது.

"பாத்தீங்களா தம்பி, நான் தொடவே இல்ல. தானா இழுத்துக்கிச்சு. இனி ஒரு மாசம் வெளிய வச்சாலும் ஒண்ணும் ஆகாது. தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்துக்கு தங்கச்சி வீட்டுக்கு பார்சல் போடப் போறேன்."

பாதிப் பாட்டிலுக்கு மாவு ஊற்றி, ஓவனில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் மூடியை இறுக்கிவிட வேண்டும். வீடியோவில் பார்த்துக் கற்றுக்கொண்டதாம். இந்தப் பழக்கம் அமெரிக்க வீடுகளில் பரவியது. பழமும் ஊறுகாயும் போட்டு வைக்கிற மேசன் ஜாடி அங்கே எல்லா வீட்டிலும் கிடக்கும். ஜான் மேசன் என்பவர் 1858-இல் அந்தத் திருகு மூடி ஜாடிக்குக் காப்புரிமை வாங்கினார். நம் ஊர் பேக்கரியில் கிரீம் அடுக்கி விற்கிற ஜார் கேக் வேறு. அது ஃப்ரிட்ஜை விட்டு நகராது.

அந்த "டக்" எப்படி வருகிறது? தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். வெந்த கேக்கிலிருந்து எழும் ஆவி, பாட்டிலின் மேல்பகுதியில் இருந்த காற்றில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடுகிறது. அந்த நேரத்தில் மூடினால், ஆறும்போது ஆவி மறுபடி துளியாகச் சுருங்கும். உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று மூடியை அமுக்கும். ஆகவே அந்தச் சத்தம் காற்று குறைந்துவிட்டது என்று மட்டும்தான் சொல்கிறது. உள்ளே கிருமி செத்ததா இல்லையா என்பது அதற்குத் தெரியாது.

காற்று இல்லாவிட்டால் பூசணம் வராதே என்பார்கள். வராது, சரி. சிக்கலே அங்கேதான். திறந்து வைத்த கேக் நாலைந்து நாளில் பச்சையாகப் பூத்து, "என்னைத் தின்னாதே" என்று சொல்லிவிடும். மூடிய பாட்டிலில் அந்த எச்சரிக்கை கிடையாது. காற்றில்லாத இடத்தை விரும்புகிற கிருமி ஒன்று இருக்கிறது. பெயர் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம். மண்ணில் எங்கும் கிடப்பது. காலம் சரியில்லையென்றால் தடித்த ஓட்டுக்குள் வித்தாகச் சுருண்டு தூங்கும். புளிப்பில்லாத, ஈரமான, காற்றில்லாத, இளஞ்சூடான இடம் கிடைத்தால் முளைத்து நஞ்சு சுரக்கும். மைனியின் பாட்டிலில் இந்த நாலும் இருந்தன.

"175 டிகிரில முக்கால் மணி நேரம் வேக வச்சேனே, சாகாதா?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் 175 என்பது ஓவனுக்குள் இருக்கிற காற்றின் சூடு. இட்லிப் பானைக்கு அடியில் தீ எவ்வளவு எரிந்தாலும் தண்ணீர் கொதிநிலையைத் தாண்டாது அல்லவா? கேக்கின் நடுவிலும் அதே கதை. ஈரம் இருக்கிறவரை அங்கே சூடு நூறைத் தாண்டாது. மூணாறில் அதுவும் இல்லை. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். இங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைத்துப் பார்த்தவர்களுக்கு இது பாடம் படிக்காமலே தெரியும். அந்த வித்தோ கொதிக்கிற தண்ணீரில் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அதைக் கொல்ல டப்பா உணவுத் தொழிற்சாலைக்காரர்கள் வைத்திருக்கிற கணக்கு 121 டிகிரியில் 3 நிமிடம், அதுவும் உணவின் நட்டநடுவில்.

அப்படியானால் பாட்டிலைக் குக்கரில் வைக்கலாமா? வேண்டாம். கேக் முழுக்கக் காற்றுக்குமிழிகள். அது கம்பளி மாதிரி, சூட்டை உள்ளே விடாது. நடுப்பகுதி எப்போது அந்தச் சூட்டை எட்டும் என்று வீட்டுச் சமையலுக்குச் சோதித்துச் சொன்ன கணக்கு கிடையாது. அமெரிக்க உணவுப் பாதுகாப்பு வல்லுநர்களே பாட்டில் கேக்கை வெளியில் வைத்துச் சேமிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறார்கள்.

இந்தக் கிருமி பிடிபட்ட கதையும் ஒரு விருந்தில்தான். 1895-இல் பெல்ஜியத்தின் எல்லெசெல் கிராமத்தில் ஒரு சாவு வீட்டில் வாசித்த பேண்டு கோஷ்டி, உப்பிலிட்ட பன்றித்தொடை இறைச்சி சாப்பிட்டது. 34 பேர் சாப்பிட்டதில் 3 பேர் இறந்தார்கள். கிருமி ஆய்வாளர் எமில் வான் எர்மெங்கெம் அந்த இறைச்சியிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார். இமை தொங்குவது, பார்வை இரண்டாகத் தெரிவது, நாக்குக் குழறுவது, விழுங்க முடியாமல் போவது, கடைசியில் மூச்சுத் தசை அடங்குவது என்று நஞ்சு மேலிருந்து கீழே இறங்கும். ருசியோ வாடையோ காட்டிக்கொடுக்கும் என்று நம்பக்கூடாது. ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேனைச் சேனையாகத் தொட்டு வைக்காதீர்கள் என்று டாக்டர்கள் திட்டுவதும் இதே வித்துக்குப் பயந்துதான்.

மைனிக்குக் கோபம். "அப்ப பிளம் கேக்கு மாசக்கணக்கா இருக்குதே?" கேரளத்தில் இந்தக் கேள்வி வராமல் போகுமா! 1883-இல் தலசேரியில் மம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரர் கிறிஸ்துமஸ் கேக் சுட்ட நாளிலிருந்து இது கேக் தேசம். பிளம் கேக்கைக் காப்பது மூடி அல்ல, சர்க்கரை. ரம்மில் ஊறின உலர்பழமும் கருக்கிய சர்க்கரையும் இருக்கிற தண்ணீரையெல்லாம் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. கேக் ஈரமாகத்தான் இருக்கும், ஆனால் கிருமி குடிக்க அதில் தண்ணீர் கிடைக்காது. இதை நீர்ச் செயல்திறன் என்று அளப்பார்கள். சுத்தத் தண்ணீருக்கு 1. பொட்டுலினத்துக்கு 0.94 ஆவது வேண்டும். நல்ல பிளம் கேக் 0.85-க்கும் கீழே நிற்கும். ஏத்தம்பழ கேக்கின் கதை அப்படியில்லை. பழத்தின் ஈரம் அப்படியே இருக்கிறது, அதிலிருக்கும் கொஞ்சநஞ்சப் புளிப்பையும் சோடா மாவு அடித்துவிடுகிறது. கார அமில அளவு (pH) 4.6-க்கு மேலே போனால் இந்தக் கிருமிக்குக் கதவு திறந்தாயிற்று.

"மூணாறுக் குளிரே ஃப்ரிட்ஜ் மாதிரிதானே" என்று கடைசியாக ஒரு அஸ்திரம். இங்கே ராத்திரிக்கு வேண்டுமானால் சரி, நாசரேத்தில் டிசம்பரிலும் மத்தியானம் முப்பதைத் தொடுமே!

பேசிக்கொண்டிருக்கும்போதுதான் ஒரு பாட்டிலின் அடியில் மயிரிழை போல ஒரு கீறலைப் பார்த்தேன். சாதாரணக் கண்ணாடி சூட்டில் சமமாக விரியாது. ஓவனிலிருந்து எடுத்து ஈரக் கல்மேடையில் வைத்தால் அடிப்பகுதி மட்டும் சட்டென்று சுருங்கும், விரிசல் விழும். அந்தக் கேக்கில் கண்ணாடித் துணுக்கு இருக்கிறதா என்று தேடுவதைவிட மொத்தமாகக் குப்பையில் போடுவது மேல் என்றேன். போட்டார்.

மிச்சம் ஐந்தையும் சாயங்காலமே எஸ்டேட் லயத்துப் பிள்ளைகள் தோண்டித் தோண்டித் தின்று தீர்த்தார்கள். நாசரேத்துக்குப் பாட்டில்தான் போனது, ஆனால் உள்ளே கேக் இல்லை. மைதா, கோகோ, சீனி, முந்திரி எல்லாம் அடுக்கடுக்காகப் போட்டு, முட்டையும் எண்ணெயும் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தார். காய்ந்த மாவில் எதுவும் முளைக்காது. பாட்டில் பொங்கலுக்குத் திரும்பி வந்தது, நிறைய நார்த்தங்காய் ஊறுகாயோடு. அந்தப் புளிப்புக்கும் உப்புக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.