கோடு நேராகத்தான் இருக்கும்

இரணைமடுக் குளத்து நீர் வயலுக்குப் போகும் மண் வாய்க்கால் ஒன்றின் திருப்பத்தில் நின்று பாருங்கள். வெளிக்கரையை நீர் அரித்திருக்கும். உட்கரையில் மணல் படிந்திருக்கும். நேரே ஓட முனையும் நீரைத் திருப்பினால் அது தன் விசையில் ஒரு பங்கை அங்கேயே செலவழித்துவிடும்.

பெரிய கட்டடங்களைக் குளிரூட்டும் குழாய்களிலும் இதே கதைதான். இயந்திரம் ஏறக்குறைய 7 பாகை செல்சியஸில் அனுப்பும் நீர், அறைகளின் வெப்பத்தை ஏற்றுக்கொண்டு 12 பாகையளவில் திரும்பி வருகிறது. குளிர்நாடுகளில் இவ்வாறே சுடுநீரை ஓடவிட்டு அறைகளைச் சூடாக்குவார்கள். வன்னி வெயிலில் அதற்கு வேலையில்லை.

இத்தகைய வேலைக்கு விலை போடுபவரின் கண் குழாயின் நீளத்தில் நின்றுவிட்டால் கணக்குப் பிழைத்துவிடும். குழாயைத் திருப்பும் எல்போ, கிளை பிரிக்கும் T வடிவ டீ, பெரிய குழாயைச் சிறியதோடு சேர்க்கும் ரெடியூசர், கழற்றிப் பூட்டக்கூடிய யூனியன், நீரைத் திறந்து மூடும் வால்வு ஆகிய இணைப்புத் துண்டுகள்தான் பணத்தையும் நேரத்தையும் தின்பவை. வரைபடமோ மேலிருந்து பார்த்த படம். கூரைக்கடியில் ஓடும் குழாய் ஓர் அறையின் குளிரூட்டிக்குக் கீழிறங்குவது அதில் வெறும் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிக்குள் ஒரு டீ, சில எல்போக்கள், வால்வுகள், யூனியன் எல்லாம் ஒளிந்திருக்கும். போகும் குழாய்க்கு ஒன்று, திரும்பும் குழாய்க்கு ஒன்று என அதுவும் இரண்டு தரம். எனவே ஒரு குளிரூட்டிக்கான பட்டியலைத் துண்டு துண்டாக எழுதி, ஒரே மாதிரியான குளிரூட்டிகளின் எண்ணிக்கையால் பெருக்குவதே நம்பகமான வழி. இரும்புக் குழாய் 6 மீற்றர் துண்டுகளாக வந்தால், நேர் ஓட்டத்திலும் 6 மீற்றருக்கு ஒரு மூட்டு விழும். அதையும் சேர்க்க வேண்டும்.

இணைப்புத் துண்டுகளை எண்ணாமல், குழாய் விலையில் இத்தனை வீதம் என்று போட்டுவிடுபவர்களும் உண்டு. நீண்ட நடைகூடத்தில் அது தப்பிவிடலாம். பம்புகள் நெருக்கியடிக்கும் இயந்திர அறையில் தப்பாது. முல்லைத்தீவில் வேலை நடக்கும்போது இரண்டு ரெடியூசர் குறைந்தால், மாங்குளம் சந்திக்கு வந்து ஏ-9 வீதியால் வவுனியாவுக்கு ஓடவேண்டிவரும். ஒரு நாள் கூலி வீதியிலேயே போய்விடும்.

வெப்பக்காப்பு உறையும் இந்த இணைப்புத் துண்டுகளில்தான் சிக்கலாகிறது. 30 பாகை வெப்பமும் 70 வீத ஈரப்பதனும் உள்ள காற்று, 24 பாகைக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும். 7 பாகைக் குழாயின் எல்போவில் உறை சரியாக ஒட்டாவிட்டால் கூரைத்தட்டில் பழுப்புக் கறை வரும். நேர்க்குழாய்க்கு உறையைப் போர்த்திவிடலாம். எல்போவுக்குச் சாய்வாக வெட்டி ஒட்டவேண்டும். அந்தக் கூலியை மறந்துவிடுபவர்கள் பலர்.

எண்ணிய பட்டியல் பம்பைத் தெரிவு செய்யவும் வேண்டும். வழமையான 90 பாகை எல்போ ஒன்று, குழாயின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு நீளமான நேர்க்குழாய்க்குச் சமமான தடையைத் தருகிறது. 50 மில்லிமீற்றர் குழாயில் அது 1.5 மீற்றர். 20 மீற்றர் ஓட்டத்தில் 8 எல்போ இருந்தால் பம்புக்கு அது 32 மீற்றர். குளோப் வால்வு இன்னும் மோசம்: முழுதாகத் திறந்திருந்தாலும் ஏறத்தாழ 340 மடங்கு, அதாவது 17 மீற்றர். உள்ளே நீர் மேலேறி இறங்கி வளைந்து போகவேண்டியிருப்பதே காரணம். நேரே வழிவிடும் கேட் வால்வுக்கு 8 மடங்கு போதும்.

குறுக்கே ஒரு கொங்கிறீற் வளை (உத்தரம்) வந்து, அதன் அடியால் குழாயை இறக்கி ஏற்றினால் நான்கு எல்போ. படத்தில் கோடு நேராகத்தான் இருக்கும். பம்புக்கு 6 மீற்றர் கூடிவிடும். 45 பாகை எல்போக்களால் சாய்த்து இறக்கினால் அது ஏறக்குறைய 3 மீற்றராகிவிடும், இடம் இருந்தால்.