சரிவு ஏதுநிலை: ஒரு சொல்லும் அதன் வரைபடமும்

நிலச்சரிவு வரைபடங்களின் தலைப்பில் வரும் ‘சஸ்செப்டிபிலிட்டி’யைப் பலர் ‘அபாயம்’ என்று தமிழாக்கிவிடுகிறார்கள். இது தவறு. மலையடிவாரத்தில் மனை வாங்குபவரின் தலையில் வந்து விடியும் தவறு.

இலத்தீனில் ‘சுஸ்கிப்பேரே’ என்றால் கீழிருந்து ஏந்திக்கொள்வது. ஒன்றுக்கு இடங்கொடுக்கும் இயல்பு என்ற பொருள் அதிலிருந்து வந்தது. இயற்பியல் பாடநூல்களில் ‘காந்த ஏற்புத்திறன்’ என்று படிக்கிறோம். வேருக்கு நெருக்கமான ஆக்கம்தான். ஆனால் ‘சரிவு ஏற்புத்திறன்’ என்றால் சரிவைத் தாங்கும் வலிமை என்று தலைகீழாகப் புரிந்துவிடும். அதனால் ‘ஏதுநிலை’யே பொருத்தம். ‘பயிருக்கு ஏதுவான மண்’ என்கிறோமே, அதே ஏது. வடமொழி ‘ஹேது’விலிருந்து வந்தாலும் மணிமேகலையிலேயே பயின்ற சொல். தனித்தமிழே வேண்டுமென்றால் ‘சரியுந்தன்மை’ எனலாம்.

‘சரிவு’ என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. மலைச்சரிவு என்றால் சாய்ந்த தரை. நிலச்சரிவு என்றால் அந்தத் தரை பெயர்ந்து இறங்குவது. வரைபடத்தில் முன்னதைச் ‘சாய்வு’ என்றும் பின்னதை மட்டும் ‘சரிவு’ என்றும் குறித்தால் குழப்பம் தீரும்.

ஏதுநிலை சொல்வது ‘எங்கே’ என்பதை மட்டும். எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு பெரிதாக என்பதையும் சேர்த்தால் அது இடர் வரைபடம். அங்கே இருக்கும் வீடு, சாலை, மக்களுக்கு நேரக்கூடிய இழப்பையும் கணக்கிட்டால்தான் அபாய வரைபடம்.

வரைபடத்துக்கு அடித்தளம் பழைய சரிவுகளின் பதிவேடு. சாய்வு, பாறை வகை, மண்ணின் ஆழம், ஓடை, சாலை, நிலப்பயன்பாடு என்று ஒவ்வொரு காரணியோடும் அதைப் பொருத்திப் பார்ப்பார்கள். எளிய முறை அலைவெண் விகிதம். 20 முதல் 30 பாகை வரையுள்ள சாய்வு மொத்தப் பரப்பில் 25 விழுக்காடு, பழைய சரிவுப் பரப்பில் 50 விழுக்காடு இருந்தால், 50-ஐ 25-ஆல் வகுத்து வரும் விகிதம் 2. ஒன்றைத் தாண்டினாலே அந்த வகுப்பு சரிவுக்கு ஏதுவானது. செங்குத்து கூடக் கூட ஏதுநிலையும் கூடிக்கொண்டே போகும் என்று நினைக்க வேண்டாம். மிகச் செங்குத்தான இடங்களில் சரிய மண்ணே இல்லாமல் வெறும் பாறை நிற்பதுண்டு. சரிவுகளில் ஏறக்குறைய 70 விழுக்காட்டைக் கணக்குக்கு எடுத்து, மீதியைச் சோதனைக்கு ஒதுக்குவது வழக்கம். வரைபடத்தைச் சிறு சதுரக் கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள்; ஒரே சரிவின் கட்டங்கள் கணக்கு, சோதனை என்று இரண்டு பக்கமும் சிதறிவிட்டால் துல்லியம் பொய்யாக உயரும்.

பதிவேட்டிலும் ஓரவஞ்சனை உண்டு. சாலையோரச் சரிவு உடனே கண்ணில் படும். காட்டுக்குள் நடந்தது விடுபட்டுப்போகும்.

நகரம் மலையை நோக்கி விரியும்போது பெரிய ஓட்டை ஒன்று தெரிகிறது. உயரத் தரவு 30 மீட்டர் கட்டங்களாக இருக்கிறது என்று கொள்வோம். மனைக்காகச் செங்குத்தாக வெட்டிய 5 மீட்டர் மண்சுவர், சமதளக் கட்டம் ஒன்றுக்குள் சராசரியாகி ஏறக்குறைய 10 பாகைச் சாய்வாகத்தான் தெரியும். 90 பாகை வெட்டு, வரைபடத்தில் குறைந்த ஏதுநிலையின் பச்சை! வெட்டு விழுந்தது தரவு எடுத்த பிறகு என்றால் அந்தப் 10 பாகைகூட இருக்காது. ஆகவே மூலையில் அச்சிட்டுள்ள கட்ட அளவையும் தரவு ஆண்டையும் முதலில் பாருங்கள்.

இன்னொன்று, ஏதுநிலை பெரும்பாலும் சரிவு தொடங்கும் இடத்தையே காட்டுகிறது. மேலே பெயர்ந்த மண்ணும் பாறையும் நீரோடு குழம்பி ஓடை வழியே இறங்கி, அடிவாரத்து வண்டல் விசிறியில்தான், அதாவது ஓடை கொண்டுவந்த மண் விசிறிபோல் படிந்த நிலத்தில்தான் பரவும். சாய்வு குறைவு என்பதால் அந்த விசிறி ‘குறைந்த ஏதுநிலை’ என்று வரும். மனை போட வசதியான சமதளமும் அதுதான். அங்கே கட்ட அனுமதி தருவதற்கு முன் சரிவின் பாய்தடத்தை, அதாவது பெயர்ந்த மண் ஓடிப் பரவும் பாதையை, தனி வரைபடமாகக் கேட்டு வாங்க வேண்டும்.