ஜப்பானிலிருந்து மாடல் ரயில் வாங்கும்போது அந்த 10 சதவீதம் யாருக்குப் போகிறது?

ஜப்பானியக் கடை ஒன்றின் இணையதளத்தில் ஒரு ‘என் கேஜ்’ (N gauge, 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் சிறிய மாடல்) ரயில் செட்டின் விலை 22,000 யென் என்று போட்டிருக்கிறது என வைத்துக்கொள்வோம். அதில் ரயிலின் விலை 20,000 யென்தான். மீதி 2,000 யென் ஜப்பான் அரசின் நுகர்வு வரி. 2021 ஏப்ரல் 1 முதல் அங்கே சில்லறை விலையை வரியும் சேர்த்தே காட்ட வேண்டும் என்பது கட்டாயம். அதனால் வெளியூரிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே ஒரு வரி ஒளிந்திருப்பதே கண்ணில் படாது.

இந்த வரி ஜப்பானுக்குள் நுகரப்படும் பொருளுக்கானது. நாட்டை விட்டு வெளியே போகும் பொருளுக்குச் சட்டப்படி அது கிடையாது. ஆனால் அந்த விலக்கு தானாக உங்கள் கைக்கு வந்து சேராது. நீங்கள் எந்த வழியில் வாங்குகிறீர்களோ அதைப் பொறுத்து அந்த 2,000 யென் உங்களுக்கு மிஞ்சலாம், கடைக்கு மிஞ்சலாம், இடையில் நிற்கும் நிறுவனத்துக்கு மிஞ்சலாம், இல்லை அரசுக்கே போகலாம். ஹாபிக்காரர்கள் பலர் அனுப்புக் கட்டணத்தில் நூறு இருநூறு யென் மிச்சம் பிடிக்க மணிக்கணக்கில் ஒப்பிடுவார்கள், இந்தப் பெரிய தொகையைக் கேட்காமலே விட்டுவிடுவார்கள்.

விதி என்ன சொல்கிறது

ஜப்பானின் நுகர்வு வரி 1989 ஏப்ரலில் 3 சதவீதமாகத் தொடங்கியது. 1997இல் 5, 2014இல் 8, 2019 அக்டோபர் 1 முதல் 10 சதவீதம் என்று ஏறியது. 8 சதவீதம் என்று சொல்லும் பழைய குறிப்புகளை நம்ப வேண்டாம். அந்தச் சலுகை விகிதம் இன்று உணவுப் பொருள், நாளிதழ் சந்தா போன்ற சிலவற்றுக்கு மட்டுமே. ரயிலுக்கு 10தான்.

நுகர்வு வரிச் சட்டத்தின் 7ஆவது பிரிவு ஏற்றுமதிக்கு விலக்கு தருகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, விலக்கு பெறுபவர் ஏற்றுமதி செய்பவர், அதாவது விற்பவர். வாங்கிய நீங்கள் பிறகு ரசீதை எடுத்துக்கொண்டு ஜப்பானின் வரித்துறையிடம் "என் பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று கேட்க வழியே இல்லை. கடைக்காரர் வரியை நீக்கி விற்றால்தான் உண்டு. அவர் அதே 22,000 யென்னுக்கே வெளிநாட்டுக்கும் விற்றால் அது அவர் வைத்த விலை. ஏற்றுமதி விலையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

கணக்குப் போடும்போது ஒரு சின்ன விஷயம். காட்டிய விலையில் 10 சதவீதத்தைக் கழிக்கக் கூடாது, 1.1ஆல் வகுக்க வேண்டும். 22,000இல் 10 சதவீதம் கழித்தால் 19,800 வரும். சரியான வரியில்லா விலை 20,000. கடை 20,000 கேட்கிறது, ஏமாற்றுகிறது என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

கடையே நேராக வெளிநாட்டுக்கு அனுப்பினால்

இதுதான் சுத்தமான வழி. வெளிநாட்டு முகவரியைக் கொடுத்து, கடையே பார்சல் போட்டால் அது ஏற்றுமதி. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கென்று தனிப் பக்கம் நடத்தும் கடைகளில் விலை பெரும்பாலும் வரி நீக்கியே இருக்கும். சில இடங்களில் கூடையில் பொருளைப் போட்டு, அனுப்பும் நாட்டைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் விலை இறங்கும். இறங்கவில்லை என்றால், பணம் கட்டும் முன் "இது வரியில்லா விலையா?" என்று ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கடை இந்த விலக்கைப் பெற ஆதாரம் வைத்திருக்க வேண்டும், அதுவும் 7 ஆண்டுகளுக்கு. அஞ்சலில் போகும் பொருளின் மதிப்பு 2,00,000 யென்னுக்குள் இருந்தால், அஞ்சலகம் பார்சலை வாங்கிக்கொண்டதற்கான ரசீதும், பெறுபவர் பெயர், பொருள், விலை எழுதிய முகவரிச் சீட்டின் நகலும் போதும். 2021 அக்டோபரில் வந்த மாற்றம் இது. 2,00,000 யென்னைத் தாண்டினால் முறையான ஏற்றுமதி அறிவிப்புச் செய்து சுங்கத்தின் அனுமதி பெற வேண்டும். இரண்டு மூன்று பெட்டிகளாகப் பிரித்து ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பித் தப்பிக்கலாம் என்றால் அதுவும் நடக்காது, மொத்த மதிப்பையே கணக்கில் எடுப்பார்கள். பித்தளையில் கையால் செய்த எச்ஓ (HO, என் கேஜைவிடப் பெரிய அளவு) இன்ஜின் ஒன்றே இந்த வரம்பைத் தொடும். அப்படி வாங்குகிறவர்கள் கடை கூடுதலாக இரண்டு நாள் எடுத்துக்கொண்டால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த இடத்தில் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். "பார்சல் மேல் விலையைக் குறைத்துப் போடுங்கள், பரிசு என்று எழுதுங்கள்" என்று கடைக்கு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பெறும் நாட்டில் அது சுங்கக் குற்றம் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்தச் சீட்டில் உள்ள பெயரும் விலையும்தான் கடைக்கு வரி விலக்கின் ஆதாரம். 20,000 யென்னுக்கு விற்றுவிட்டு 5,000 என்று எழுதினால் கடையின் கணக்கும் சீட்டும் பொருந்தாது. ஒழுங்கான கடைகள் இந்த வேண்டுகோளைக் கண்டதும் மறுப்பதற்குப் பிடிவாதம் காரணமில்லை. பார்சல் வழியில் தொலைந்தால் இழப்பீடும் எழுதிய மதிப்பை ஒட்டித்தான் கிடைக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

சீட்டில் பொருளின் பெயரும் தெளிவாக இருக்கட்டும். "ஹாபி பொருள்" என்று எழுதினால் எந்த நாட்டுச் சுங்கத்துக்கும் ஒன்றும் புரியாது. "1:150 அளவு பிளாஸ்டிக் ரயில் மாடல், 6 பெட்டிகள்" என்று எழுதினால் வேலை முடிந்தது. ஜப்பானிய என் கேஜ் 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடினாலும் அளவு 1:150. ஷிங்கன்சென் மட்டும் 1:160. உலகச் சுங்க வகைப்பாட்டில் மாடல் ரயில், அதன் தண்டவாளம் உட்பட, 9503 என்ற தலைப்பில் வருகிறது. விளையாட்டுப் பொம்மைகளும் அதே தலைப்பில்தான். 40 வயது ஆள் அலமாரியில் வைக்க வாங்குகிறார் என்பதற்காக அதற்குத் தனி எண் கிடையாது.

ப்ராக்ஸி வழியாக வாங்கினால்

பல ஜப்பானியக் கடைகள் வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை. அப்போது ப்ராக்ஸி நிறுவனம் ஒன்று உங்களுக்காக வாங்கி, தன் கிடங்குக்கு வரவழைத்து, பிறகு வெளிநாட்டுக்கு அனுப்பும். கடையைப் பொறுத்தவரை இது உள்நாட்டு விற்பனை. பொருள் போவது ஜப்பானிய முகவரிக்கு, எனவே வரியோடுதான் விலை. அந்த 10 சதவீதத்தை நீங்கள் கட்டிவிட்டீர்கள், அது பெரும்பாலும் திரும்பி வராது. ப்ராக்ஸியே தன் பெயரில் வாங்கித் தன் பெயரில் ஏற்றுமதி செய்தால் கட்டிய வரியை அது திரும்பக் கோர இடம் உண்டு. அந்தத் தொகையில் உங்களுக்குப் பங்கு உண்டா என்பது உங்களுக்கும் அவர்களுக்குமான ஒப்பந்தம். சேவை விதிமுறைகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால், இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே விலையை ஒப்பிடும்போது, "அந்தக் கடையில் 22,000, வெளிநாட்டுக்கு அனுப்பும் கடையில் 21,000, வித்தியாசம் கொஞ்சம்தானே" என்று பார்க்காதீர்கள். முதல் விலையில் வரி உள்ளே இருக்கிறது, அதன் மேல் ப்ராக்ஸி கட்டணமும் உள்நாட்டு அனுப்புக் கட்டணமும் ஏறும். இரண்டாவது பெரும்பாலும் அப்படியே கடைசி விலை, மேலே வெளிநாட்டு அஞ்சல் கட்டணம் மட்டும். வெளிநாட்டு அஞ்சலுக்கு நுகர்வு வரி கிடையாது.

ஏலத் தளங்களில் தனியாள் விற்கும் பழைய ரயிலுக்கு இந்தப் பேச்சே இல்லை. தொழிலாக அல்லாமல் தன் சேகரிப்பிலிருந்து ஒருவர் விற்றால் நுகர்வு வரி வராது, ஏலப் பக்கத்திலேயே வரி 0 யென் என்று காட்டும். அதே தளத்தில் கடையாக விற்பவருக்கு வரி உண்டு. உற்பத்தி நின்றுபோன செட்டுகளைத் தேடுகிறவர்கள் ஏலம் கேட்கும் முன் வரி எவ்வளவு என்று காட்டும் அந்த இடத்தைப் பார்ப்பது நல்லது. கடைசி நிமிடப் பரபரப்பில் 10 சதவீதம் மறந்துபோகும்.

நேரில் போய் வாங்கினால்: 2026 நவம்பரில் மாறும் முறை

டோக்கியோவுக்குச் சுற்றுலா போய், ரயில் கடைகளில் நாள் முழுக்கச் சுற்றி, செட்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்ப நினைப்பவர்களுக்கு வேறு திட்டம். செர்ரிப்பூச் சின்னம் போட்ட வரியில்லாக் கடைகளில், ஒரே நாளில் ஒரே கடையில் வரி நீங்கலாக 5,000 யென்னும் அதற்கு மேலும் வாங்கினால் விலக்கு உண்டு. குறுகிய காலத் தங்கலுக்கு அனுமதி பெற்று வந்த வெளிநாட்டவருக்கே இது பொருந்தும். அங்கே வேலை பார்ப்பவருக்குக் கிடையாது. பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டுபோக வேண்டும், படியெடுத்த தாள் செல்லாது. விமான நிலையத்தில் மதுவும் வாசனைத் திரவியமும் விற்கும் டியூட்டி ஃப்ரீ கடை வேறு, இது வேறு.

2026 அக்டோபர் 31 வரை கடையிலேயே வரி நீங்கும். வரியில்லா விலையைக் கட்டுவீர்கள், அல்லது கட்டிய வரியை அதே இடத்தில் கவுண்டரில் வாங்கிக்கொள்வீர்கள். சில பெரிய கட்டடங்களில் பொதுக் கவுண்டர் வைத்து, அதில் ஒரு சேவைக் கட்டணமும் பிடிப்பார்கள். வாங்கிய விவரம் மின்னணு முறையில் வரித்துறைக்குப் போகும்.

நவம்பர் 1 முதல் வரிசை தலைகீழாகிறது. கடையில் வரியோடு முழுத் தொகையையும் கட்ட வேண்டும். வாங்கிய நாளிலிருந்து 90 நாட்களுக்குள், நாட்டை விட்டுக் கிளம்பும்போது பொருள் உங்களோடு வெளியே போகிறது என்று சுங்கம் உறுதிசெய்ய வேண்டும். அதன் பிறகே கடையோ அதன் சார்பில் வேலை செய்யும் நிறுவனமோ வரியைத் திருப்பித் தரும். ஆக, பயணத்துக்கான பட்ஜெட்டில் அந்த 10 சதவீதத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். பணம் அட்டைக்குத் திரும்புமா, வேறு எப்படி வரும் என்பதை ஒவ்வொரு கடையிலும் கேட்டுக்கொள்ளுங்கள். சுங்கம் பொருளைக் காட்டச் சொல்லலாம் என்பதால், ரயில் பெட்டிகளை விமானக் கம்பெனியிடம் ஒப்படைக்கும் பையில் போட்டு அனுப்பிவிட்டு வெறுங்கையோடு போய் நிற்காதீர்கள். கையோடு கொண்டுபோவது ரயிலின் கூரையில் மின்கம்பியைத் தொட நிற்கும் மெல்லிய பான்டோகிராஃபுக்கும் நல்லது.

புதிய முறையில் நல்லதும் உண்டு. பசை, மசகு எண்ணெய் போன்ற நுகர்பொருட்களை இதுவரை தனியாகக் கணக்கிட்டு, திறக்க முடியாத பையில் அடைத்துத் தருவார்கள். அந்தப் பாகுபாடும் சிறப்புப் பையும் நவம்பரிலிருந்து போகின்றன.

பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் வரியில்லாமல் வாங்கி, அஞ்சலகத்துக்குப் போய் நாமே ஊருக்குப் பார்சல் போட்டுவிட்டு, அந்த ரசீதை விமான நிலையத்தில் காட்டினால் போதும். 2025 மார்ச் 31உடன் அந்த வசதி முடிந்தது. இப்போது கிளம்பும்போது பொருள் உங்களிடம் இல்லையென்றால் விலக்கும் இல்லை, முன்பே விலக்குப் பெற்றிருந்தால் வரியைக் கட்டச் சொல்வார்கள். சுமக்க முடியாத அளவு வாங்கினால் கடையையே வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அது மேலே சொன்ன ஏற்றுமதி விலக்கில் வரும், 5,000 யென் வரம்பெல்லாம் அதற்கு இல்லை.

எதை அனுப்பச் சொல்லக் கூடாது

தீப்பிடிக்கும் பெயின்ட், ஸ்ப்ரே, கரைப்பான் எதுவும் வெளிநாட்டு அஞ்சலில் போகாது. இவற்றை ஆர்டரில் சேர்த்தால் மொத்தப் பார்சலும் நின்றுவிடும். ஜப்பானுக்கென்று செய்த பவர் பேக் (ரயிலுக்கு மின்சாரம் தந்து ஓட்டும் கருவி) 100 வோல்ட் மின்சாரத்துக்கானது. ரயில் ஓடுவது 12 வோல்ட் நேர் மின்னோட்டத்தில் என்பதால் உங்கள் நாட்டு மின்சாரத்துக்கு ஏற்ற கட்டுப்பாட்டுக் கருவியை அங்கேயே வாங்கிவிடலாம், கனமான பெட்டிக்கு அனுப்புக் கட்டணம் கட்ட வேண்டாம். அப்புறம், கூடுதல் பெட்டிகள் செட் மட்டும் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். மோட்டார் உள்ள பெட்டி பெரும்பாலும் அடிப்படை செட்டில்தான் இருக்கும்.

வந்து சேரும் இடத்தில்

ஜப்பானில் வரி நீங்கியதால் உங்கள் நாட்டில் வரி இல்லை என்று ஆகாது. அது தனிக் கணக்கு, நாட்டுக்கு நாடு வேறு. சிறு பார்சல்களுக்கு இருந்த விலக்குகள் பல இடங்களில் எடுக்கப்பட்டுவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரை இருந்த மதிப்புக் கூட்டு வரி விலக்கை 2021 ஜூலை 1 முதல் நீக்கியது. அமெரிக்கா 800 டாலர் வரை இருந்த சுங்க விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தியது. அந்த நாள்களில் ஜப்பான் அஞ்சல் நிறுவனம் அமெரிக்காவுக்கான விற்பனைப் பார்சல்களை வாங்குவதையே நிறுத்தி வைத்தது. பெட்டியில் ஜப்பானிய நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது சீனாவில் செய்ததாக இருக்கலாம். வர்த்தக ஒப்பந்தச் சலுகையைக் கேட்குமுன் பெட்டியின் பக்கவாட்டில் உற்பத்தி நாட்டைப் பாருங்கள்.

உங்கள் நாட்டு வரி இன்வாய்ஸில் உள்ள விலையின் மேல்தான் போடப்படும், பல நாடுகளில் அனுப்புக் கட்டணமும் அதோடு சேரும். எனவே இன்வாய்ஸில் 22,000க்குப் பதில் 20,000 என்று இருந்தால் மிச்சம் 2,000 யென் மட்டுமில்லை, அந்த 2,000இன் மேல் உங்கள் ஊர்ச் சுங்கம் போட்டிருக்கக்கூடிய வரியும் குறையும். கடை வரியில்லா விலையை வாங்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில் இன்வாய்ஸில் வரியோடு சேர்ந்த விலையை அச்சிட்டு அனுப்புவது உண்டு. பார்சல் கிளம்பும் முன் அதன் நகலை அனுப்பச் சொல்லிப் பாருங்கள், பெட்டி ஜப்பானைத் தாண்டிய பிறகு அதைத் திருத்துவது கடினம்.